கம்பத்திலிருந்து தெரியாத தெருமுனை

எங்கள் பிள்ளையார்பாளையத்தில் லைன்மேன் ராயப்பனைத் தெரியாத வீடு கிடையாது. கரண்ட் போனால் யாரும் ஆபீசுக்கு போன் போடுவதில்லை, அவருக்குத்தான் போடுவார்கள். சாப்பாட்டில் இருந்தாலும் கையைக் கழுவிவிட்டு வருவார். வந்ததும் திட்டுவார். திட்டிக்கொண்டே வேலையை முடித்துவிடுவார். நெசவுக்காரர்களான நாங்கள் விபூதி பூசிக்கொண்டு தறியில் இறங்குவதைப் போல, அவர் சிலுவை போட்டுக்கொள்ளாமல் கம்பத்தில் கால் வைக்க மாட்டார்.

அவருக்கு ஒரு ஆசை. ஆசை என்ன, பிடிவாதம். ஒவ்வொரு மனிதருக்கும் துணையாக ஒரு வானதூதரைக் கடவுள் வைத்திருக்கிறார் என்பது கத்தோலிக்கர்களின் நம்பிக்கை. காவல் சம்மனசு என்பார்கள். தன்னுடைய சம்மனசை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ராயப்பன் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

காரணம் இருந்தது. முன்பு ஓரிக்கைப் பக்கம் அவர் கம்பத்தில் இருந்தபோது, கீழே லைனை நிறுத்திவிட்டுக் காவல் நின்றவன் டீ குடிக்கப் போய்விட்டான். வேறு எவனோ ஃபியூஸைச் சொருகிவிட்டான். ராயப்பன் தூக்கி எறியப்பட்டு வயல் சேற்றில் போய் விழுந்தார். உயிர் தப்பியது. இடது கையில் இரண்டு விரல்கள் மட்டும் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன. சம்மனசுதான் தாங்கிப் பிடித்தார் என்று மாதா கோயிலில் எல்லோரும் சொன்னார்கள்.

"புடிச்சவரு கொஞ்சம் முன்னாடியே புடிச்சிருக்கக் கூடாதாபா?" என்று என்னிடம் விரல்களைக் காட்டுவார். "ஏன் கண்ணுலயே பட மாட்றாரு?"

பங்குச் சாமியாரிடமும் கேட்டிருக்கிறார். சம்மனசுக்கு உடம்பு கிடையாது, உடம்பில்லாததைக் கண் எப்படிப் பார்க்கும் என்றாராம் சாமியார். அவசியம் என்று ஆண்டவர் நினைத்தால் ஒரு உருவம் கொடுத்துக் காட்டுவார். மற்றபடி பார்க்காமல் நம்புவதுதான் மனிதனுக்கு நல்லது, பார்த்துவிட்டால் நீ உன் வேலையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நிற்பாய் என்றும் சொன்னாராம். ராயப்பனுக்கு இது தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. எனக்கும் இது சால்ஜாப்பாகத்தான் பட்டது. எங்கள் ஏகாம்பரநாதர் கருவறையில் எல்லோரும் பார்க்கத்தானே இருக்கிறார்!

விழுந்து எழுந்ததிலிருந்து கீழே காவலுக்கு அவர் தேவேந்திரனைத் தவிர வேறு யாரையும் வைத்துக்கொள்வதில்லை. அவன் எங்கள் தெருக்காரன், அதிகம் பேசாதவன். டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கித் தன் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பான். அப்படியும் ராயப்பனுக்குப் பயம் போகாது. கம்பியைத் தொடும் முன் "தேவேந்திரா, இருக்கியா?" என்று கத்துவார். "இருக்கேண்ணே" என்று பதில் வந்தால்தான் கை நீளும்.

போன ஐப்பசியில் அடித்த காற்றில் எங்கள் தெருவில் ஒரு கம்பி அறுந்து தொங்கியது. தெருவெங்கும் சொல்லிவிட்டுத்தான் காலையில் கரண்டை நிறுத்தினார்கள். எங்கள் வீடு தெருமுனையில் இருக்கிறது, டிரான்ஸ்ஃபார்மர் அதையொட்டி. தெரு வளைவதால் கம்பத்திலிருந்து பார்த்தால் டிரான்ஸ்ஃபார்மர் தெரியாது. சாயம் தோய்த்த நூலைக் காயப்போட மொட்டை மாடிக்குப் போயிருந்த எனக்கு இரண்டுமே தெரிந்தன.

அப்போதுதான் எங்கள் தெரு ஜெயக்குமார் ஓடி வந்தான். இரைப்பில் அவனுக்குக் குரலே சரியாக எழவில்லை. அவனுடைய அப்பா கலியாணசுந்தரம் ஆக்ஸிஜன் மெஷினில்தான் மூச்சு விடுகிறார். கரண்ட் நிற்கப்போவதாகச் சொன்னபோது ஜெயக்குமார் வீட்டில் இல்லை.

"கட்டையைக் குடுறா! அப்பாவுக்கு மெஷின் நின்னுபோச்சு, மூச்சு வாங்குதுடா!"

"கம்பத்துல ஆளு இருக்குதுபா," என்றான் தேவேந்திரன். மெதுவாகச் சொன்னான்.

"ரெண்டு நிமிஷம் போட்டுட்டு எடுத்துக்கோடா!"

"போட்டா அவரு இல்லபா."

ஜெயக்குமார் முகத்திலேயே குத்தினான். தேவேந்திரன் கட்டைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு டிரான்ஸ்ஃபார்மர் வேலியில் சாய்ந்தான். மறுபடியும் குத்து. வாயிலிருந்து ரத்தம். அவன் திருப்பி அடிக்கவில்லை, சத்தமும் போடவில்லை.

நான் கம்பத்தைப் பார்த்தேன். ராயப்பன் கம்பத்தின் மறுபக்கம் மாறுவதற்காக இடுப்புக் கயிற்றை அவிழ்த்திருந்தார். மடங்கிய விரல்களால் கம்பத்தைப் பிடித்தபடி மறு கையை நீட்டிக்கொண்டிருந்தார். "ராயப்பா, இறங்கு!" என்று கத்த வாயைத் திறந்துவிட்டேன். கீழே தேவேந்திரன் என்னைப் பார்த்துவிட்டான். ரத்தம் வழிகிற வாயின் மேல் ஒரு விரலை வைத்தான். கத்தாதே.

அந்த நேரம் பார்த்து மேலிருந்து குரல் வந்தது. "தேவேந்திரா, இருக்கியா?"

ஜெயக்குமாரின் கை அப்போது அவன் கழுத்தில் இருந்தது. தேவேந்திரன் அதை ஒரு கையால் விலக்கி, ரத்தத்தை விழுங்கிவிட்டு, தினமும் சொல்கிற அதே குரலில் சொன்னான். "இருக்கேண்ணே. நீ பாத்து செய்."

ராயப்பன் திரும்பவில்லை. கயிற்றைக் கட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்தார்.

நான் எப்படிப் படியிறங்கினேன் என்று எனக்கே தெரியாது. ஜெயக்குமாரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தேன். அதற்குள், வீட்டுக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்ட என் மனைவி புவனேஸ்வரி கலியாணசுந்தரத்தை ஆட்டோவில் ஏற்றியிருந்தாள். ஜெயக்குமார் அழுதுகொண்டே அதில் தாவி ஏறினான். ஆஸ்பத்திரியில் பெரியவர் பிழைத்துக்கொண்டார்.

வேலை முடிந்து வந்த ராயப்பன் தேவேந்திரனின் வாயைப் பார்த்து என்ன என்றார். வேலிக் கம்பி கிழித்துவிட்டது என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் பொறுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர் மறுபடியும் சம்மனசு புராணத்தை ஆரம்பித்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

ராயப்பன் நேராக தேவேந்திரன் வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"ஏன்டா ஒரு குரல் குடுக்கல?"

"குடுத்தா நீ திரும்புவே. கவுறு வேற கட்டலையோன்னு மாடியில இவரு மூஞ்சியைப் பாத்ததும் தோணிச்சு."

ராயப்பன் தேவேந்திரனின் வீங்கிய உதட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அவர் என்னிடம் சம்மனசைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பார்க்க வேண்டும் என்று சொல்வதும் நின்றுவிட்டது.

அடுத்து எங்கள் தெருவில் அவர் ஏறியபோது நான் மாடியில் நின்றேன். சிலுவை போட்டுக்கொண்டார், ஏறினார், கயிற்றைக் கட்டினார். வழக்கமான கூப்பாட்டுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. முனைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டிக் கம்பியைப் பிடித்தார்.

கீழே தேவேந்திரன் கட்டைகளோடு நின்றிருந்தான். அவனும் கூப்பாட்டுக்குக் காத்திருந்தான். அங்கிருந்து கம்பம் அவனுக்கும் தெரியாது அல்லவா? முகம் வெளிறிப் போய், தெருவே அதிரக் கத்தினான்.

"அண்ணே, இருக்கியா?"