இறக்கிவிடாத கைகள்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, என் பேர் சாந்தி. விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் பொம்மை சுத்தம் பண்ணுகிற வேலை. போன வருஷம் இதே ஜெபவீட்டில், இதே மைக்கைப் பிடித்துக்கொண்டு, என் மகள் ஜெனிக்குச் சுகம் கிடைத்துவிட்டது என்று சாட்சி சொன்னேன். எல்லாரும் கை தட்டினீர்கள். நான் சொன்னது பொய். இன்றைக்கு நிஜத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். கை தட்ட வேண்டாம்.

ஜெனிக்கு இருபத்திரண்டு வயது. ஜங்ஷன் ரோட்டில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தாள். கோடை ஆரம்பத்தில் தூக்கம் போயிற்று. பிறகு ஓயாத பேச்சு. என் கம்பெனியில் அவள் பேரைச் சொல்லித்தான் பொம்மை அச்சில் மண் ஊற்றுகிறார்கள் என்றாள். தெருவில் நின்று, நான் அவளுக்கு விஷம் வைக்கிறேன் என்று கத்தினாள். எனக்கு அவள் சீக்கு பெரிதாகத் தெரியவில்லை. மானம் போகிறதே என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது. விளக்குமாற்றால் அடித்தேன். துப்பட்டாவால் காலைக் கட்டிப் போட்டேன். பெற்றவள்தான் நான்.

பெரியாஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். கொஞ்சம் தூங்கவும் ஆரம்பித்திருந்தாள். அதை நிறுத்தச் சொன்னது பாஸ்டர் இல்லை, அவர்மேல் பழி போடாதீர்கள். மாத்திரையும் கொடுத்து ஜெபமும் பண்ணினால் அது அரை விசுவாசம் என்று நானாக முடிவு பண்ணினேன். அட்டையோடு கொண்டுபோய்க் கம்பெனிச் சூளையில் போட்டேன். மூன்று நாள் உபவாசம் இருந்தேன். என் ஜெபம் ஒரே வரிதான். இவள் வாயை மூடிப்போடும் ஆண்டவரே.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அவள் வாய் மூடியது.

ஆராதனையில் சிலை மாதிரி நின்றாள். நான் அவள் இரண்டு கையையும் பிடித்து மேலே தூக்கிவிட்டேன். அப்படியே நின்றது. பாட்டு முடிந்தது, பிரசங்கம் முடிந்தது, காணிக்கைத் தட்டும் வந்து போயிற்று, கை இறங்கவில்லை. அபிஷேகம் இறங்கிவிட்டது என்று நீங்கள் அழுதீர்கள். நான் ஓடிவந்து மைக்கைப் பிடித்தேன். அவள் முகத்தை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. சோற்றை வாயில் வைத்தால் வைத்தபடி இருந்தது. உடுத்தின துணியிலேயே மூத்திரம் போனாள். கேட்டவர்களிடம் அவளும் உபவாசம் இருக்கிறாள் என்று பெருமையாகச் சொன்னேன். என் பக்கத்து மேஜையில் வேலை செய்கிற குமுதா பார்க்க வந்தாள். ஜெனியின் கையைத் தொட்டுத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

“அக்கா, நம்ம ஈரப் பொம்ம மாரி இருக்குதுக்கா. வளச்சி வச்சா வச்ச மாரியே நிக்குது. இது சாமி இல்லக்கா. ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க.”

உனக்கென்ன தெரியும் எங்கள் தேவனைப் பற்றி என்று கேட்டு அவளை வாசலோடு விரட்டினேன். மறுநாள் ஜெனியின் உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. மூத்திரமும் நின்றுபோயிற்று. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. விரட்டின குமுதாவுக்கே போன் பண்ணினேன். அவள்தான் ஆட்டோ கொண்டுவந்தாள். பெரியாஸ்பத்திரியில் ஊசிவழியாகத் தண்ணீர் ஏற்றி, ஆம்புலன்ஸில் வெளியூர் மனநல வார்டுக்கு அனுப்பினார்கள்.

அங்கே சின்ன வயது டாக்டரம்மா. ஜெனியின் வலது கையைத் தூக்கிவிட்டார், நின்றது. தலையைத் திருப்பினார், திரும்பினபடி நின்றது. ஒவ்வொன்றையும் ஒரு தாளில் குறித்தார். சாப்பிட்டு எத்தனை நாள் என்று கேட்டார். அஞ்சு நாள், உபவாசம் என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“இதுக்குப் பேரு கேட்டடோனியாம்மா. மனநோய் முத்துனா ஒடம்பு இப்படி ஒறஞ்சு போகும். ஆனா அவங்களுக்கு எல்லாம் கேக்கும். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தீங்கன்னா பொண்ணு இருந்திருக்காது.”

ஊசி மருந்தை நரம்பில் மெதுவாக ஏற்றினார். கொஞ்ச நேரம் கழித்து அதே சோதனைகளைத் திரும்பச் செய்து பார்ப்பதாகவும், மாற்றம் இருந்தால் இந்த மருந்து பிடிக்கிறது என்று அர்த்தம் என்றும் சொன்னார். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். திட்டட்டும் ஆண்டவரே, என்னைக் காறித் துப்பட்டும், அவள் வாயைத் திறந்துவிடும் என்று அழுதேன்.

கால் மணி நேரம் இருக்கும். தூக்கி வைத்த வலது கை நடுங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போர்வைமேல் விழுந்தது. ஜெனி என்னைப் பார்த்தாள்.

“கை வலிக்குதும்மா. அன்னிக்கி ஜெபத்துல எவ்ளோ நேரம் வலிச்சுது தெரியுமா? ஏம்மா யாருமே எறக்கி வுடல?”

கேட்டது கிடைத்துவிட்டது. அதைவிட அவள் என்னைத் துப்பியிருக்கலாம்.

இரண்டு நாளில் திரும்பவும் உறைந்தாள். கரண்ட் வைத்தியம் தேவை என்றார்கள். சினிமாவில் பார்த்த பயம் எனக்கு. மயக்கம் கொடுத்துத்தான் செய்வோம், வலிக்காது என்று விளக்கின பிறகு கையெழுத்துப் போட்டேன். ஆறு தடவை. நாலாவது தடவைக்குப் பிறகு தானாக எழுந்து நடந்து டீ கேட்டாள். கரண்ட் வைத்தால் சில ஞாபகங்கள் அழியலாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அழியட்டும் என்று நான் ரகசியமாக ஆசைப்பட்டேன். பாவி நான். காலேஜ் கடைசி நாளில் கட்டின புடவை அவளுக்கு மறந்துபோயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை மறக்கவில்லை. மைக்கில் நான் பேசினதை வார்த்தை மாறாமல் சொல்லிக் காட்டினாள்.

இப்போது தினமும் மாத்திரை. முதலில் ஸ்தோத்திரம், உடனே மாத்திரை, அதற்கப்புறம்தான் காலைச் சோறு. டாக்டரம்மா கூப்பிட்ட நாளில் தவறாமல் போகிறோம். திரும்பவும் கடைக்கு வேலைக்குப் போகிறாள். மாத்திரையை மட்டும் நான் தொடக் கூடாதாம், அவளே எடுத்துக்கொள்கிறாள். என்னை நம்பவில்லை. அதுவும் சரிதான். ஆனாலும் ஒவ்வொரு நாளும் அவள் வாயைத் திறந்து என்னோடு சண்டை போடுகிறாள், அதற்காகக் கர்த்தருக்குக் கோடி ஸ்தோத்திரம். குமுதாவின் காலிலும் விழுந்துவிட்டேன்.

பிரியமானவர்களே, தேவனை நம்புங்கள். நான் நம்புகிறேன், முன்னைவிட அதிகமாக. ஆனால் உங்கள் வீட்டில் ஒருவர் பேசாமல், தின்னாமல் நின்றுவிட்டால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆட்டோவில் உட்கார்ந்து ஜெபம் பண்ணினாலும் அவருக்குக் கேட்கும்.

ஜெனி இன்றைக்கு வந்திருக்கிறாள். கடைசி வரிசை, கதவோரம். திரும்பிப் பார்க்காதீர்கள். இப்போது பாட்டு ஆரம்பிக்கும்போது, கையைத் தூக்கச் சொல்லி அவளிடம் யாரும் போக வேண்டாம்.