வத்தல் மண்டி அண்ணாச்சியின் ஆத்துமா

எங்கள் சபைக்குக் கன்வென்ஷன் பேச வந்த பிரசங்கியார் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் பேசிவிட்டு ரயிலேறிவிடுவார். கேட்ட நாங்கள்தான் மறுநாளும் அதே தெருவில் கடை திறக்க வேண்டும். கடைசி நாள் கூட்டத்தில் அவர் மேசையை ஓங்கித் தட்டி, ஒவ்வொரு குடும்பத் தலைவனும் கிறிஸ்மஸ் பண்டிகைக்குள் ஒரு ஆத்துமாவையாவது ஆதாயப்படுத்தி, ஆலயத்துக்குக் கூட்டி வந்து, தன் பக்கத்தில் நிற்க வைக்க வேண்டும் என்றார். பிறரை இயேசுவின் பக்கம் திருப்புவதற்கு ஆத்தும ஆதாயம் என்பது எங்கள் சபைகளில் பழகிய சொல். மற்ற ஊர்களில் அதை எப்படிக் கேட்டார்களோ தெரியாது. தேனி பஜாரில் நாங்கள் அத்தனை பேரும் வியாபாரிகள். ஆதாயம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

எனக்கு ஜவுளிக்கடை. அடுத்த கடை வத்தல் மண்டி. மிளகாய் வத்தலை மூட்டை மூட்டையாகக் கமிஷனுக்கு விற்றுக் கொடுக்கும் அண்ணாச்சி என்னைவிடப் பத்து வயது மூத்தவர். விடிந்ததும் நெற்றி நிறைய விபூதி பூசாமல் கல்லாவில் உட்காரமாட்டார். என் மனைவி மலைக்காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தபோது, நான் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்க, தன் வண்டியைப் பூட்டி அவளைப் பெரியகுளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர். சாயங்காலமானால் இரண்டு பேரும் வத்தல் மூட்டைமேல் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு, அவருடைய மைத்துனரைத் திட்டுவோம். அந்த மைத்துனரை நான் பார்த்ததுகூடக் கிடையாது.

அப்படிப்பட்டவரை நான் ஏன் ஆதாயப்படுத்தக் கிளம்பினேன் என்று கேட்டால், வேறு ஆள் இல்லை என்பதுதான் உண்மை. பஜாரில் மற்றவர்களிடம் போய் வாயைத் திறந்தால் தராசுத் தட்டு பறந்து வரும். அண்ணாச்சி ஒருவர்தான் யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர். சங்கடம் என்னவென்றால், இது எங்கள் சபையைச் சேர்ந்த இரும்புக்கடைக்காரருக்கும் தெரிந்திருந்தது. பாத்திரக்கடைக்காரருக்கும் தெரிந்திருந்தது. நான் முதல் தடவை வேத புத்தகத்தோடு மண்டிக்குள் நுழைந்தபோது, இவர்கள் இருவரும் ஏற்கெனவே ஆளுக்கொரு மூட்டையில் உட்கார்ந்து, யார் முதலில் பேசுவது என்று தகராறு செய்துகொண்டிருந்தார்கள். அண்ணாச்சி நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் விசிறிக்கொண்டிருந்தார்.

விவகாரம் சபைக் கமிட்டிக்குப் போயிற்று. அண்ணாச்சியின் ஆத்துமா யாருக்குச் சேர வேண்டியது என்பதை ஒரு சாயங்காலம் முழுவதும் விவாதித்தோம். தான்தான் முதலில் பேச்செடுத்ததாக இரும்புக்கடைக்காரர் சொன்னார். தன் மனைவியும் அண்ணாச்சி மனைவியும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுப்பதாகப் பாத்திரக்கடைக்காரர் சொன்னார். என் கடைக்கும் மண்டிக்கும் பொதுச்சுவர் என்று நான் சட்டம் பேசினேன். போதகர் நொந்துபோய்க் கிழமையைப் பிரித்துக் கொடுத்தார். திங்கள் இரும்புக்கடை, புதன் பாத்திரக்கடை, வெள்ளி நான். யாருடைய கிழமையில் அண்ணாச்சி மனம் திரும்புகிறாரோ, அவருக்கே அண்ணாச்சி. இந்த ஏற்பாட்டை அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

என்னுடைய முதல் வெள்ளிக்கிழமை நன்றாகத்தான் தொடங்கியது. மனுஷன் மறுபடியும் பிறக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். அண்ணாச்சி வெலவெலத்துப்போனார்.

"மறுபடியுமா? தம்பி, இந்தப் பெறவியோட முடிஞ்சிரணும்னுல்ல நான் தெனமும் கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்! நீங்க என்ன இன்னொருக்கப் பெறக்கச் சொல்றீக?"

அப்படியில்லை, இது வேறு பிறப்பு என்றேன். எந்தப் பிறப்பானாலும் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அன்றைக்கு அத்தோடு சரி. நாங்கள் கொடுத்த சுவிசேஷக் கைப்பிரதிகளையெல்லாம் அவர் சாமி படத்துக்குக் கீழே வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டிருந்தார். என் பிரதியில் பொட்டு பெரிதாக இருக்கிறதென்று இரும்புக்கடைக்காரர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

இன்னொரு வெள்ளிக்கிழமை அவர் என்னைக் கேட்டார். "ஆத்தும ஆதாயம்னு சொல்றீகளே தம்பி, ஆதாயம் யாருக்கு? எனக்கா, ஒங்களுக்கா? நான் கமிஷன் மண்டிக்காரன். ரெண்டு பக்கமும் கேட்டுக்கிட்டாத்தான் எனக்கு ஓடும்."

இரண்டு பேருக்கும்தான் என்றேன். சொல்லும்போதே எனக்கு வாய் குழறியது.

கார்த்திகை பிறந்ததும் அண்ணாச்சி ஒளிய ஆரம்பித்தார். எங்கள் தலை தெரிந்ததும் உள்ளே வத்தல் மூட்டைகளுக்குப் பின்னால் போய்க் குந்திவிடுவார். வெளியே கணக்கப்பிள்ளை, "மொதலாளி வருசநாடு போயிருக்காக" என்பார். நானும் விடாமல் மூட்டைகளைப் பார்த்துப் பேசினேன். நான் பாவத்தைப் பற்றிப் பேசினால் மூட்டைக்குப் பின்னால் ஒரு தும்மல். நித்திய ஜீவன் என்றால் இரண்டு தும்மல். முப்பது வருஷமாக வத்தல் நெடியிலேயே இருப்பவருக்கு எப்படித் தும்மல் வந்தது என்று கேட்காதீர்கள். மூட்டைக்கு நடுவில் மூக்கை வைத்தால் யாருக்கும் வரும். சாயங்காலக் காப்பி நின்று எவ்வளவோ நாளாகியிருந்தது. மைத்துனரைத் திட்ட ஆளில்லாமல் அவர் இளைத்துவிட்டார் என்று என் மனைவி சொன்னாள். நானும்தான் இளைத்திருந்தேன், அதை யாரும் சொல்லவில்லை.

பண்டிகைக்கு முந்திய வெள்ளிக்கிழமை நான் போகவில்லை. அண்ணாச்சியே என் கடைக்கு வந்தார். துணிக்கட்டுகளைத் தடவிக்கொண்டே நின்றவர், "தம்பி, அந்த ஞானஸ்நானம்னு சொல்றீகளே, அது வெந்நியா, பச்சத்தண்ணியா? எனக்கு நெஞ்சுச்சளி உண்டு" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"நான் வந்துர்றேன், தம்பி" என்றார்.

தை மாதம் அவர் மகளுக்குத் தேவதானப்பட்டியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதைக் கேட்டேன். "நின்டுபோகும்" என்றார். அண்ணன் தம்பிகள்? "பேசமாட்டாக. வீட்டுப்படி மிதிக்க விடமாட்டாக." பிறகு ஏன் என்றேன்.

"இரும்புக்கடைக்காரரு ரயிலடிப் போர்ட்டரைப் புடிச்சிட்டாராம். பாத்திரக்கடையில அவுக வண்டிக்காரனே சரின்னுட்டானாம். ஒங்களுக்கு மட்டுந்தான் ஆளில்ல. அங்கன சபையில அத்தன பேருக்கு முன்னால தலையக் குனிஞ்சுக்கிட்டு நிப்பீகளே. என்னால அதப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

எனக்கு வந்த கோபம் இன்னதென்று சொல்ல முடியாது. அவர் இயேசுவுக்காக வந்திருந்தால் நான் பஜார் நடுவில் ஆடியிருப்பேன். அன்றைக்கும் இன்றைக்கும் என் விசுவாசத்தில் குறையில்லை. ஆனால் அவர் எனக்காக வந்திருந்தார். என் மானத்துக்காகப் பெற்ற மகளையும் கூடப் பிறந்தவர்களையும் தூக்கிக் கொடுக்க வந்திருந்தார், சளி பிடிக்கும் என்பது மட்டுமே அவருக்குக் கவலை. "வேண்டவே வேண்டாம் அண்ணாச்சி, தயவுசெய்து வந்துவிடாதீர்கள்" என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். எங்கள் ஜில்லாவில் இப்படி ஊழியம் செய்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "மூணு பேரு சண்டை போட்ட சரக்கு. இப்ப ஒங்களுக்கு வேணாம்ங்கிறீக" என்று முனகிக்கொண்டே படியிறங்கினார்.

பண்டிகையன்று காலை வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன். போர்ட்டர் புது வேட்டியோடு நிற்பதையும் இரும்புக்கடைக்காரர் என்னைத் திரும்பிப் பார்ப்பதையும் சகித்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. மனைவி கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியவள், போகிற வழியில் அண்ணாச்சி வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

சற்று நேரத்தில் அவர் வந்து நின்றார். சலவை வேட்டி, நெற்றி கொள்ளாத விபூதி. "எந்திரிங்க" என்றார். வலி என்றேன். "வலிச்சாலும் அங்கன போயி வலிக்கட்டும். ஒங்க சாமி பெறந்த நாளு, நீங்க இங்கன குப்புறப் படுத்துக் கெடக்கீக. எந்திரிங்கன்றேன்ல?" சட்டையை அவரே எடுத்து மாட்டிவிட்டார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே தெருவெல்லாம் நடந்தார். வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். நான் நழுவிவிடுவேன் என்ற சந்தேகத்தில் உள்ளேயும் வந்து, கடைசி வரிசையில் என்னை ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.

பிரசங்கம் முடிந்ததும் போதகர் கேட்டார்: "பிரசங்கியார் சொன்னபடி, ஒரு ஆத்துமாவையாவது இந்த ஆலயத்துக்குக் கூட்டி வந்தவர்கள் எழுந்து நிற்கலாம்."

இரும்புக்கடைக்காரர் எழுந்தார், பக்கத்தில் போர்ட்டர். பாத்திரக்கடைக்காரர் எழுந்தார், பக்கத்தில் வண்டிக்காரன். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் பாய் சரசரத்தது.

அண்ணாச்சி எழுந்து நின்றிருந்தார்.

"நான் ஒரு ஆளக் கூட்டியாந்திருக்கேன், ஐயா" என்றார் கைகூப்பி. "இந்தா இவுகளத்தான். வரவே மாட்டேன்னு படுத்துக் கெடந்தாக."

சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. கூட்டி வரப்பட்டவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது முறை. நான் எழுந்து அண்ணாச்சி பக்கத்தில் நின்றேன்.