கதிரை என்று வாசித்த பக்கம்

குண்டசாலையில் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் எல்லா வீடுகளுக்கும் ஒரே கதைப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை நான் போய் ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். மகளுக்கு வாசித்துக்காட்டும்போது 'நாற்காலி' என்ற சொல்லில் நின்றுவிட்டேன்.

நான் படித்த ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டப் பள்ளியிலும் ஒரு வருடம் பெற்றோர் இப்படி வந்து வாசித்தார்கள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. யாரிடமும் சொல்லாமல், நான் வாசிக்கக் கேட்டே ஒரு பக்கத்தை மனப்பாடம் செய்தார். அன்று பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு நேரே பள்ளிக்கு வந்தவர், பச்சை வாடை வீசும் கைகளால் புத்தகத்தை விரித்துப் பிடித்தார்.

"மாமா கதிரையில் அமர்ந்தார்."

எல்லோர் கையிலும் அதே புத்தகம். வரியோடு விரலை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"நாற்காலின்னுதானே இருக்கு?" என்றாள் ஒரு சிறுமி.

அம்மாவுக்கு அடுத்த வரி மறந்துபோயிற்று. அவர் கண்கள் என்னைத் தேடின. எடுத்துக்கொடுத்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நான் குனிந்து என் காலையே பார்த்தேன்.

அம்மா புத்தகத்தை மூடினார். "எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க. மக படிச்சதக் கேட்டுச் சொல்றேன்" என்றவர், முதலிலிருந்து தொடங்கி முழுப் பக்கத்தையும் சொல்லி முடித்தார். இந்த முறை 'நாற்காலி' என்றார்.

திரும்பும் வழியில் கேட்டார்: "ஏன் மாத்திப் படிச்ச?"

"வீட்டுல கதிரைன்னுதானே சொல்றோம். உங்களுக்கு விளங்கணும்னுதான்."

"நாற்காலின்னா எனக்கு விளங்காதா?"

அம்மா எங்கள் லயத்து வீட்டை நோக்கி எனக்கு முன்னால் நடந்தார்.

"ஏம்மா நிப்பாட்டிட்டீங்க?" என்று இப்போது கேட்கிறாள் மகள்.

'நாற்காலி' என்று உள்ளதை உள்ளபடி வாசிக்கிறேன்.