திரையில் நின்ற ஆள்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் பயந்தாங்கொள்ளி. அவள் கோபித்துக்கொண்டதில்லை. வீட்டை விட்டுக் கிளம்பினால் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வருகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்களாம்? அவள் பார்க்கிற வேலையும் அப்படிப்பட்டதுதான். கணினித் திரைக்குப் படம் அனுப்பும் அட்டையை மேய்க்கிற நிரல் எழுதுகிறாள். டிஸ்ப்ளே டிரைவர் என்பார்கள். "எந்த வண்டிக்கும்மா டிரைவர்?" என்று கேட்ட சின்ன மாமியாருக்கு விளக்கப் போய் வாய் வலித்ததுதான் மிச்சம். அட்டை எப்போது பேச்சுமூச்சில்லாமல் விழும் என்று யாருக்கும் தெரியாது. விழுந்தால் அவள் நிரல் அதைத் தட்டி எழுப்ப வேண்டும். அதுவரை திரை கறுத்துக் கிடக்கும்.

அந்தக் கறுப்பு வீட்டிலும் தலைவலிதான். அவள் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். உச்சிக் கூண்டில் உட்கார்ந்து, கீழே நடப்பதைத் திரையில் பார்த்துத்தான் சரக்குப் பெட்டியை இறக்குவார். அந்தத் திரைக்கும் இவளுடைய நிரல்தான். திரை கறுத்தால் அவர் வேலையை நிறுத்துவார். மேஸ்திரி கீழேயிருந்து கத்துவார்.

"உன் டிரைவர் என் மானத்த வாங்குது" என்று சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் குத்திக்காட்டுவார்.

துறைமுகத்திலிருந்தும் புகார் வந்தது. மேனேஜர் வழி சொன்னார்: "அட்டை எழுந்திரிக்கிற வரைக்கும் கடைசியா வந்த படத்தையே காட்டு. யாருக்குத் தெரியப்போகுது?"

அவளுக்குப் பகீரென்றது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. இதற்குமா பயம் என்று சிரிப்பார்களே! எழுதிக் கொடுத்துவிட்டாள்.

புது நிரல் கிரேன்களுக்குப் போன அன்று, மனசு கேட்காமல் சோதனை மேசையில் உட்கார்ந்தாள். கேமராவை மின்விசிறிக்கு நேரே வைத்து, அட்டையை வேண்டுமென்றே திணறடித்தாள். திரையில் விசிறி நின்றது. தலையைத் தூக்கிப் பார்த்தால் விசிறி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அட்டை எழுந்திருக்கவே இல்லை. படம் மட்டும் பளிச்சென்று அப்படியே இருந்தது.

 கூண்டில் அவர் திரையில் காலியான தரையைப் பார்த்துப் பெட்டியை இறக்குவார். அங்கே ஆள் நின்றுகொண்டிருந்தால்? கூண்டுக்குள் போனுக்கு அனுமதியில்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. "அந்தப் புது நிரல உடனே திரும்ப எடுங்க சார்!" என்று மேனேஜரிடம் அலறிவிட்டு, கிடைத்த ஆட்டோவில் ஏறினாள்.

துறைமுகத்தில் கிரேனுக்கடியில் கூட்டம்.  ஐயோ, யாரென்று தெரியவில்லையே! ஆட்களை விலக்கிக்கொண்டு போனால், நடுவில் அவர் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"என்னம்மா, இங்க எங்க வந்த?"

"பெட்டிய இறக்கிட்டீங்களா?"

"எங்க இறக்கறது? ஒருத்தன் நட்டநடுவுல இடிச்ச புளி மாதிரி நிக்கறான். ஹாரன் அடிக்கறேன், அசையவே மாட்டேங்கறான். கோவம் வந்து, பெட்டிய அப்படியே தொங்கவிட்டுட்டு, நாலு வார்த்தை கேக்கலாம்னு இறங்கி வந்தா ஆளையே காணோம்! அவன் எப்பவோ கிளம்பிட்டான்னு மேஸ்திரி சொல்றாரு. எனக்குக் கண்ணு போச்சாம்!"

கூட்டம் சிரித்தது.

"கண்ணு போகலங்க. அது பழைய படம். திரை செத்துக் கிடந்திருக்கு, உங்களுக்குத் தெரியல. நான்தான் அப்படி எழுதினேன்."

"அப்ப இல்லாத ஆளுக்கா நான் ஹாரன் அடிச்சேன்?" என்று இன்னும் சிரித்தவர், சட்டென்று நிறுத்தினார். தரையைப் பார்த்தார். "அவன் வந்து நிக்கறதுக்கு முன்னாடியே படம் நின்னுருந்தா?"



அவர் மெல்ல அண்ணாந்து பார்த்தார். பெட்டி தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் தள்ளிப் போங்க!" என்று கத்தினார்.  "போங்கன்னா போங்களேன்!"

பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பெட்டிக்கு அடியிலிருந்து அவளை இழுத்துக்கொண்டு நடந்தார்.