மைக்கை எண்ணுகிறவர்

பாட்டு ஓடத் தொடங்கியதும் மதிவாணன் வீடியோவை நிறுத்தி மைக்கை எண்ணுவார். ஒரே மைக்கில் இருவர் பாடினால் அது குழு. இணையப் பட்டியலில் இருவருக்கும் சேர்த்து ஒரே பக்கம். ஆளுக்கொரு மைக் என்றால் இரண்டு பாடகர்கள் சேர்ந்து பாடியிருக்கிறார்கள், ஆளுக்கொரு பக்கம். ராகம், தாளம், வரிகள் எல்லாம் அப்புறம்.

தேனாம்பேட்டைச் சந்தில் மைக்செட் வாடகைக்கு விடுகிறார். ஆள் வராத மதியங்களில் ஸ்பீக்கர் பெட்டி மேல் லேப்டாப்பை வைத்து, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓர் இணையப் பாட்டுப் பட்டியலில் கானாப் பகுதியைத் திருத்திக்கொண்டிருப்பார். யாரும் அவரை நியமிக்கவில்லை. "நாம பாக்கலன்னா வேற எவன் நைனா பாப்பான்?" ஜானு பிரதர்ஸ் என்ற கானாக் குழுவில் அண்ணன் தம்பி ஒருவரும் இல்லை, மூவரும் மச்சான்மார் என்று கண்டுபிடித்துக் குறிப்பு எழுதியவர். அதற்கு வந்த வசவுகளையும் பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கிறார்.

போன வியாழக்கிழமை எஸ்தர் வந்தாள். மூன்று வருடம் கானாப் பாடகன் கிஷோரோடு ஜோடியாகப் பாடிவிட்டு இப்போது தனியாகப் பாடக் கிளம்பியிருப்பவள்.

"ண்ணா, ஆழ்வார்பேட்டைல ப்ரோக்ராம் நடத்துறவங்க உன் பட்டியல்ல என் பேரைப் போட்டுத் தேடுனாங்களாம். நான் இல்லவே இல்லியாம். பதினோரு பாட்டும் கிஷோர் எஸ்தர்னு ஒரே ஆளாட்டம் கீது. நாளைக்குள்ள பாட்டைக் காட்டலன்னா வேற பொண்ணைப் போட்டுக்குவாங்க."

"அது குழும்மா."

"அவன் காய்ச்சல்ல கெடந்தப்போ நான் தனியா பாடலியா?"

"அன்னிக்கும் பேனர்ல ரெண்டு பேருதான கீது?"

சாட்சிக்கு வீடியோவை ஓடவிட்டார். கோட்டூர்புரம் மேடை. இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு ஒரே மைக்கில் பாடுகிறார்கள். எஸ்தர் திரையின் ஓரத்தில் விரல் வைத்தாள்.

"இங்க குந்திக்கினு ஒரு மைக்கைத் தட்டித் தட்டிப் பாக்குறாரே, அது யாரு?"

மதிவாணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கட்டம் போட்ட சட்டை. அவரேதான்.

"ரெண்டு மைக்தாண்ணா சொல்லியிருந்தோம். ஒண்ணு வேலை செய்யல. 'இன்னிக்கு ஒண்ணுலயே ஓட்டிக்கம்மா'ன்னு நீதான் சொன்ன. ஜோடி நல்லாக்கீதுன்னு அதுக்கப்புறம் போற எடமெல்லாம் அப்டியே நிக்க வெச்சுட்டானுங்க."

மதிவாணன் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு எஸ்தர் என்று புதிதாக ஒரு பக்கம் திறந்தார். பதினோரு பாட்டையும் ஒவ்வொன்றாக அதில் சேர்த்தார். திருத்தத்துக்குக் காரணம் என்ன என்று பட்டியல் கேட்டது. ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாகத் தட்டினார்: 'அன்று ஒரு மைக் வேலை செய்யவில்லை. மைக் என்னுடையது.'