மரியாதையாகப் பேசிய டிக்கெட் பரிசோதகர்

ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவளுக்குத் தெருவில் 'பதினோரு மணி' என்று பெயர். போன கோடையில் அங்கே தனியாக வாழ்ந்த இருவர் வெயில் தாங்காமல் செத்துப்போனார்கள். அது தெருவுக்குத் தெரியவே மூன்று நாள் ஆனது. அந்த வெட்கத்தில் தெருக்காரர்கள் கூடி ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துக்கொண்டார்கள். ஐஸ் கடைக்காரர் அவசரத்துக்கென்று தினமும் ஒரு ஐஸ் பாளத்தை விற்காமல் ஒதுக்கிவைப்பது, இவள் பதினோரு மணிக்குத் தனிக்கட்டைகள் பதினாலு பேரையும் போனில் கூப்பிட்டுத் தண்ணீர் குடித்தார்களா என்று கேட்பது என்று முடிவானது.

பதிமூன்று பேர் ஒழுங்காகப் பதில் சொன்னார்கள். பதினாலாமவர் மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருந்த, ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர். பயணிகளைத் திட்டியது போக மிச்சம் வைத்திருந்ததை எல்லாம் இவள்மேல் கொட்டினார். இன்னும் சாகவில்லை, உனக்கு வேறு பிழைப்பில்லையா, போனை வை என்பார். இவளுக்கும் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் திட்டு கணீரென்று இருந்தால் ஆள் நலம் என்று நோட்டில் ஒரு டிக் போட்டுவிடுவாள்.

அனல் காற்று அடித்த ஒன்பதாம் நாள் அவர் போனை எடுத்தார்.

"நல்லா இருக்கேம்மா. நீங்க சாப்பிட்டீங்களா? உங்களுக்கு ரொம்ப நன்றிம்மா."

அவள் டிக் போடவில்லை. ஐஸ் கடைக்கு ஓடினாள்.

"அண்ணே, பாளத்தைத் தூக்குங்க. மாடி வீட்டு சார் என்கிட்ட மரியாதையாப் பேசுறாரு."

கடைக்காரர் பாளத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அந்தத் தெருவில் யாருக்கும் அதற்குமேல் விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

கதவை உடைத்து நுழைந்தார்கள். கரண்ட் போயிருந்த அறையில் பரிசோதகர் தரையில் கிடந்தார். உடம்பு கொதித்தது, ஒரு பொட்டு வியர்வை இல்லை. கழுத்திலும் அக்குளிலும் ஐஸை வைத்து, ஈரத்துணி சுற்றி, ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

சாயங்காலம்வரை ஆஸ்பத்திரி நடையில் பெஞ்சைவிட்டு அவள் எழுந்திருக்கவில்லை. இந்த மனுஷன் வாயடங்கினால் தேவலை என்று நேற்றுகூட நினைத்திருந்தாள். அதை நினைக்க நினைக்கக் கண்ணில் நீர் முட்டியது. ஆள் பிழைத்தால் போதும் என்று இருந்தது.

ஒருவழியாக அவருக்கு நினைவு திரும்பியது. நெருங்கிய சொந்தம் யார், நம்பர் சொல்லுங்கள் என்று நர்ஸ் கேட்பது கதவு வழியே கேட்டது. அவர் ஏதோ முனகினார். தூர ஊரில் மகன் ஒருவன் உண்டு. தகவல் போய்விடும், அவன் வந்துவிடுவான், இனி நமக்கு இங்கே என்ன வேலை என்று அவள் கிளம்ப எழுந்தாள்.

நர்ஸ் எண்களை அழுத்தினாள். இவள் கைப்பைக்குள் போன் அடித்தது.