சத்தம் போதாத வீடு

குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் போன் எடுப்பதுதான் அவள் வேலை. தண்ணீர் வராதவர்கள் அவளைத் திட்டினார்கள். வந்தவர்கள், கலங்கலாக வருகிறதென்று திட்டினார்கள். நன்றாக வந்தவர்கள் யாரும் கூப்பிட்டதில்லை.

கல்யாணம் ஆகவில்லை. யாராவது கேட்டால், "தள்ளிப் போட்டேன், அப்புறம் மறந்துட்டேன்" என்பாள். மனைவியை இழந்த தம்பி கூடவே இருந்தான். பஞ்சர் கடை வைத்திருந்தான். பகலில் சத்தமே காட்டாத மனுஷன், தூங்கினால் லாரி மேடு ஏறுவது போலக் குறட்டை விடுவான். அதனால் அவனுக்குப் பின்னறை. கதவைச் சாத்தி, அதன்மேல் ஒரு பழைய மெத்தையையும் சாய்த்து வைத்திருந்தாள்.

ஓய்வு பெற்ற பிறகு, பிள்ளைகள் நலத்துறை வளர்ப்புக் குடும்பங்களைத் தேடுவதாகக் கேள்விப்பட்டுப் போனாள். பிள்ளைகள் பலர் சேர்ந்து இருக்கும் இல்லத்தில் ஒட்டாத பிள்ளையை, பயிற்சி பெற்ற ஒரு வீட்டில் தனியாக வைத்து, மனநல ஆலோசகரும் வாராவாரம் பார்க்கிற ஏற்பாடு அது.

நலத்துறை அதிகாரி ஓர் இளம்பெண். "கத்துவாங்க, கெட்ட வார்த்தை பேசுவாங்க, சாமானை உடைப்பாங்க. தாங்குவீங்களாம்மா?" என்று கேட்டாள்.

"சாமானை மட்டும் யாரும் உடைச்சதில்ல. போன்ல அது முடியாது. மத்ததெல்லாம் பழக்கம்தான்."

பயிற்சி முடிந்து அவளிடம் வந்த பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. இல்லத்தில் 'சைரன்' என்று பட்டப்பெயர். வந்து நின்றதுமே, "உங்களை அம்மான்னெல்லாம் கூப்பிட மாட்டேன்" என்றாள்.

"என்ன வேணா கூப்பிடு. போன்ல கூப்பிட்டவங்க கூப்பிடாததையா நீ கூப்பிடப் போற?"

சைரன் முயன்று பார்த்தாள். தெரிந்த வசவையெல்லாம் கொட்டினாள். இவள் கடைசிவரை கேட்டுவிட்டு, "வேற ஏதாவது இருக்கா?" என்றாள். இல்லை. சாப்பிடப் போனார்கள்.

திட்டு பிரச்சினையாகவே இல்லை. தூக்கம்தான் பிரச்சினை. பெண் இரவெல்லாம் விழித்துக்கிடந்து பள்ளிக்கூடத்து பெஞ்சில் தூங்கி விழுந்தாள். பாவம், அத்தனை பேர் நடுவில் இருந்த பிள்ளை, இப்போதாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று இவள் டிவியை அணைத்தாள், திரைச்சீலைகளை இழுத்துவிட்டாள், தம்பியைச் செருப்பில்லாமல் நடக்கச் சொன்னாள். பெண்ணின் கண்ணுக்குக் கீழே கருமை இன்னும் கூடியது.

ஒருநாள் பள்ளி விட்டும் பெண் வரவில்லை. இவள் வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தபோது இல்லத்து வார்டன் போன் செய்தார்.

"உங்க பொண்ணு இங்கதான் இருக்கா. தூங்குறா."

"எழுப்பிடாதீங்க, வந்துடறேன்."

பஸ் பிடித்துப் போனாள். இல்லத்தில் இரண்டு பேர் ஒரு பக்கெட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வாய்ப்பாடு ஒப்பித்தாள். யாரோ கதவை உதைத்தார்கள். கூடத்து பெஞ்சில் சைரன் வாயைப் பிளந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இங்க இருந்தப்ப இது நரகம்னு கத்துவா. இப்ப தூங்குறதுக்கு இங்க வர்றா. சந்தோஷப்படுறதா வருத்தப்படுறதான்னு எனக்கே தெரியல" என்றார் வார்டன்.

பெண் தானாக எழும்வரை இவள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள்.

"எங்க வீடு பிடிக்கலையா?"

"பிடிக்குது. சத்தமே இல்ல." ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "எங்க அம்மா குடிச்சா கத்துவாங்க. அப்ப பயமில்ல. திடீர்னு சத்தம் நின்னா, போய்ப் பார்த்தா கீழ விழுந்து கிடப்பாங்க. கூப்பிட்டா எழுந்திருக்க மாட்டாங்க."

இவள் பெண்ணின் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் நடந்த வாராந்திரக் கூட்டத்தில் விஷயத்தைக் கேட்ட அதிகாரி, "உங்க வீட்டுல ராத்திரி சத்தம் வர்ற மாதிரி ஏதாவது இருக்கா?" என்றாள்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தான்.

அன்றே மெத்தையை நகர்த்தினார்கள். 'பின்னறைக் கதவு இரவில் திறந்திருக்க வேண்டும்' என்று சிகிச்சைத் திட்டத்தில் எழுதி, ஆலோசகரும் கையெழுத்துப் போட்டார். பெண் தூங்கினாள். அக்காவுக்குத் தூக்கம் போனது. அதற்குத் திட்டத்தில் இடமில்லை.

ஒரு காலையில் தம்பி சிவந்த கண்ணோடு வந்து உட்கார்ந்தான்.

"ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தேன்கா. பொண்ணு அறை வாசல்ல நின்னுகிட்டு, 'மாமா, உயிரோட இருக்கீங்களா?'ன்னா. இருக்கேன்மான்னேன். 'அப்ப குறட்டை விடுங்க'ன்னுட்டுப் போய்ப் படுத்துட்டா. முழிச்சுகிட்டே குறட்டை விடுறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?"

"விட்டியா?"

"விடாம?"

அதற்காகப் பெண் ஒரே நாளில் தங்கமாகிவிடவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்தாள். ஒருமுறை பள்ளியிலிருந்து ஒரு வாரம் விலக்கி வைத்தார்கள். ஆனால் எங்கும் ஓடவில்லை. தம்பியை மாமா என்றவள், முறை இடிக்கிறதென்று இவளையும் ஒருநாள் பெரியம்மா ஆக்கிக்கொண்டாள்.

இதற்குள் பெண்ணின் அம்மா குடியை விட்டு, சிகிச்சை முடித்து, ஒரு தையல் தொழிற்சாலையில் சேர்ந்திருந்தாள். சனிக்கிழமைகளில் மகளைப் பார்க்க வருவாள். நாற்காலி நுனியிலேயே உட்காருவாள். முதல் தடவை, "எம் பொண்ணை நல்லா பார்த்துக்கிட்டீங்க" என்றாள். கேட்டால் குற்றம் சாட்டுவது போலிருந்தது. இவள் தலையாட்டிவிட்டு டீ போடப் போனாள். பல சனிக்கிழமைகள் கழித்து அந்த அம்மா, "அக்கா, இவளுக்கு ஜுரம் வந்தா என்ன கொடுப்பீங்க?" என்று கேட்டாள். பெண் வீட்டுக்குப் போகப்போகிறாள் என்று இவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

இரண்டாவது வருஷக் கடைசியில், பெண் அம்மாவிடம் திரும்பிப் போக நீதிமன்றம் அனுமதித்தது. போகிற அன்று பெண் கட்டிப்பிடிக்கவில்லை. "போன் பண்ணுவேன், எடுக்கணும்" என்று மட்டும் மிரட்டினாள். தம்பி பஞ்சர் கடைக்குள் போய் உட்கார்ந்து ஊருக்கே கேட்க அழுதான். அக்கா பாத்திரம் தேய்த்தாள்.

அடுத்த வாரமே அதிகாரி கூப்பிட்டாள்.

"ஒரு பையன் இருக்கான்மா. உடனே இடம் வேணும். எடுத்துக்க முடியுமா?"

"ஒரு மாசம் கழிச்சுக் கேளுங்க."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. நான் இன்னும் அழல."

அதிகாரி, "சரிம்மா, அதுவரைக்கும் வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்" என்றாள்.

அந்த மாதம் முடியுமுன்பே அழுகை முடிந்துவிட்டது. இவளே நலத்துறைக்குப் போன் செய்து, "அந்தப் பையன் என்ன சாப்பிடுவான்?" என்று விசாரித்தாள்.